ஈஸி பீஸியும் தேத்தண்ணி கீத்தண்ணியும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஆங்கிலத்தின் விளையாட்டுச் சொற்களைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் புதினமாக இருக்கலாம். காரணம் உண்டு. கட்டுரையும் கடிதமும் பிழையில்லாமல் எழுத இங்கே பழகினோம். ஆனால் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் எங்கள் பேரப்பிள்ளைகள் கதைக்கும்போது, பாடப்புத்தகத்தில் வராத சோடிச் சொற்கள் காதில் விழுகின்றன. ஈஸி பீஸி, ஓக்கி டோக்கி, வில்லி நில்லி, ஹிகில்டி பிகில்டி. குழந்தைப் பேச்சு என்று இவற்றைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் இவை செய்யும் வேலை சின்ன வேலை அல்ல.

ஆங்கிலத்தின் இரட்டைச் சொற்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஒரே சொல் திரும்ப வருவது முதல்வகை: பாய் பாய், நைட் நைட். உயிரொலி மட்டும் மாறுவது இரண்டாவது: ஸிக் ஸாக், டிக் டொக், பிங் பொங். இதில் 'இ' ஒலிதான் முன்னுக்கு வரும். 'டொக் டிக்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். ஏன் என்று கேட்டால் விதி சொல்லத் தெரியாமல் விழிப்பார். முதல் ஒலி மாறி, மீதி எதுகையாக ஒலிப்பது மூன்றாவது. ஈஸி பீஸி இந்த வகை. நாம் பேசப்போவதும் இதைப் பற்றித்தான்.

எங்களுக்கு இது அந்நியமில்லை. "தேத்தண்ணி கீத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழில் அநேகமாக எந்தச் சொல்லோடும் 'கி' அல்லது 'கீ' சேர்த்துச் சோடியாக்கலாம். 'அதுவோ அதுபோல வேறேதுமோ' என்று பொருள் வந்துவிடும். ஆங்கிலத்து எதுகைச் சோடிகளுக்கு இப்படி ஒரு பொதுவிதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதை.

வில்லி நில்லி என்பதன் பழைய பொருள் 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்'. 'நில்' என்பது 'விரும்பாதிருத்தல்' என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினை. தனியாக அது வழக்கொழிந்துவிட்டது. எதுகையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தச் சோடிக்குள் இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஹீபி ஜீபீஸ் என்பது காரணம் தெரியாத நடுக்கத்தைக் குறிக்கும். 1923இல் பில்லி டிபெக் என்ற அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் இதைப் பத்திரிகையில் எழுதினார். 1926இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் இதே தலைப்பில் ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்தார்.

எதுகை ஒரு பொருளைச் சின்னதாக்கும். பல் வைத்தியரின் கதிரையில் அழும் பிள்ளைக்கு 'ஈஸி பீஸி' என்று சொன்னால், வரப்போகும் வலி சின்னதாகிறது. நடுக்கத்துக்கு ஹீபி ஜீபீஸ் என்று பெயர் வைத்தால் பாதிப் பயம் சிரிப்பாகிவிடுகிறது.

ஆனால் மனிதரையும் எதுகையால் சின்னதாக்கலாம். ஆம்ப்ரோஸ் பிலிப்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் பிரபுக்களின் குழந்தைகளைப் புகழ்ந்து சிறிய சிறிய அடிகளில் கவிதை எழுதினார். 1725இல் ஹென்றி கேரி அதைக் கேலிசெய்து ஒரு கவிதை எழுதி, ஆம்ப்ரோஸ் என்ற பெயரை 'நாம்பி பாம்பி' ஆக்கினார். இன்று அந்தச் சொல்லுக்கு 'முதுகெலும்பில்லாத, குழைவான' என்று பொருள். பிலிப்ஸின் கவிதையைத் தேடிப் படிப்பவர் அரிது. பட்டப்பெயரோ அகராதியில் நிலைத்துவிட்டது.

இன்னொன்று எங்களுக்கு நெருக்கமானது. 1886இல் ஹென்றி யூலும் ஏ. சி. பேர்னலும் தொகுத்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி வெளிவந்தது. கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு ஆகிய எங்கள் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போன கதை அதில் உண்டு. பேர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் காலமானார். நூலின் பெயர் ஹொப்சன் ஜொப்சன். முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மார்பில் அடித்து எழுப்பும் துக்கக் குரலைப் பிரித்தானியப் படையினர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிய சோடி அது. பெறுமதியான நூல்தான். ஆனால் அதன் அட்டையில் இருப்பது ஒரு மக்களின் ஒப்பாரி வேடிக்கையாகிப்போன கதை.

எங்கள் நீண்ட பெயர்களும் பிறநாட்டு வகுப்பறைகளில் இப்படி எதுகைக்குள் அகப்படும். பேத்தி வந்து, தன்னை இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால், "பகிடிதானே, விடு" என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சொல் எதைச் சின்னதாக்குகிறது என்று பாருங்கள். பயத்தையென்றால் சேர்ந்து சிரிக்கலாம். பிள்ளையையென்றால் ஆசிரியரிடம் போய்க் கதைக்க வேண்டும்.

வந்தேறியவர்கள் எப்போதும் கேலிக்கு ஆளானவர்களாகவே இருந்துவிடவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன யூதர்கள் இத்திஷ் மொழியைக் கொண்டுபோனார்கள். எங்கள் 'கீ' போல அவர்களிடம் 'ஷ்ம' இருந்தது. 'ஃபான்ஸி ஷ்மான்ஸி' என்றால், 'பெரிய ஆடம்பரமாம்!' என்று உதட்டைச் சுழிப்பது. இங்கே கேலி மேல்நோக்கிப் போகிறது, சின்னதாவது பகட்டு. நியூயோர்க்கின் குடியேறிகள் வாயில் இருந்த அந்த ஒலியை இன்று ஆங்கிலம் பேசுபவர் எவரும் எந்தச் சொல்லோடும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் இல்லாதிருந்த பொதுவிதியை வந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, பேரப்பிள்ளைகளின் ஈஸி பீஸியைத் தயங்காமல் பழகுவோம். பதிலுக்கு அவர்களிடம் "பீட்சா கீட்சா ஏதும் வேணுமோ?" என்று கேட்போம். அவர்கள் தமிழில் நாலு வசனம் கதைக்கச் சிரமப்படலாம். இந்தக் 'கீ' ஒரு நாளில் பிடிபட்டுவிடும். ஒரு மொழியின் வீட்டுக்குள் நுழைய அதுவும் ஒரு வாசல்தான்.