சாட்சியாய் இருப்போம்



2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நமது திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகவே முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியது. அக்காயங்களைப் படம்பிடித்த 'சுடர் ஒளி' பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று அதிரடிப்படையினர் உட்பட 13 சந்தேகநபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மிரட்டப்பட்ட சாட்சிகள் சிலர் அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள்.

'சாட்சி' நீதிமன்றத்தின் சொல் மட்டுமல்ல, திருச்சபையின் சொல்லுமாகும். கிறிஸ்துவுக்குச் சாட்சியாய் வாழ்வோம் என்று ஞாயிறுதோறும் ஜெபிக்கிற நாம், திங்களன்று கண்டதைக் காணவில்லை என்று சொல்லலாமா?

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரம்வரை கூடவே சென்றான். வைத்தியர்களாகிய நாங்களும் காயத்துக்கு மருந்திடுவதோடு, அது எதனால் வந்ததென்பதையும் உள்ளபடி எழுதக் கடமைப்பட்டவர்கள். துப்பாக்கி எவர் கையில் இருந்தாலும் அந்தக் கடமை மாறாது.

உண்மை பேசுகிறவர் தனித்து நிற்கும்போதுதான் துப்பாக்கி வெல்கிறது. பிள்ளையை இழந்த தாய் நீதிமன்ற வாசலில் நிற்கையில், அவர் எந்தச் சமயத்தவரானாலும், நம்மில் ஒருத்தியாவது பக்கத்தில் நிற்போம். நம் ஜெபம் அங்கேயும் தொடரட்டும்.