வீட்டு மதிப்பீடு விரைவில் முடிய…

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவன், நாலு பேருக்குப் பயன்படுற மாதிரி பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கட்டளையிட்டார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில். என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், ரிப்போர்ட் எப்ப ரெடியாகும்?" என்பதுதான். அதற்கே இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

கேட்பவரின் அவசரம் நியாயமானது. ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் வீடு வாங்க அக்ரிமெண்ட் போட்டார். கெடு மூன்று மாதம். மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தார். நான் போய்ப் பார்த்தால், பத்திரத்தில் 1,200 சதுர அடி. பட்டாவில் ஒரு ஏர், அதாவது 1,076 சதுர அடிதான். பட்டாவோ விற்பவரின் காலமான தகப்பனார் பெயரில் இருந்தது. நில அளவையர் வந்து அளந்து, பட்டா பெயர் மாறி, குறைந்த பரப்புக்கே விலையைத் திருத்திப் பேசி, கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது பத்திரம் பதிவானது. அதில் என் வேலை இரண்டே நாள். மீதி நாளெல்லாம் காகிதம் தின்றது.

ஆகவே முதல் வேலை, காகிதத்தை அடுக்குவது. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது இவற்றின் நகல்களை ஒரே கோப்பில் போடுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டா நகலை வருவாய்த்துறை இணையதளத்திலும் வீட்டிலிருந்தே எடுக்கலாம். நகரப் பகுதி என்றால் பழைய சர்வே எண்ணோடு டவுன் சர்வே எண்ணையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். பட்டா ஹெக்டேர், ஏரில் இருக்கும். பத்திரம் சதுர அடியிலோ செண்டிலோ இருக்கும். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 செண்ட். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மதிப்பீட்டாளர் வரும்வரை காத்திருக்காமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். தாமதத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. ஆம்பூரில் ஒரே வீட்டின் பத்திரங்களில் வடாற்காடு மாவட்டம், 1989-க்குப் பின் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-க்குப் பின் திருப்பத்தூர் மாவட்டம் என்று நான்கு பெயர் வரும். கதவு எண்ணும் மாறியிருக்கும். நான்கெல்லையில் "வடக்கே இன்னார் வீடு" என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பார். இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எனக்கு அரை நாள் மிச்சம்.

மூன்றாவது, நேரில் பார்க்க வரும் நாள். எல்லா அறைச் சாவியும் இருக்கட்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வரச் சொன்னால், பல வீடுகளில் ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். நாங்கள் வாசலில் நிற்போம். காலி மனை என்றால் முள்ளை வெட்டி எல்லைக்கல் தெரியும்படி வையுங்கள்.

நான்காவது, எதையும் மறைக்காதீர்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மேலே ஒரு மாடி கட்டியிருந்தால், அது எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. பக்கத்தில் டேனரி இருந்தாலும், கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பாலாற்றங்கரைத் தோல் கழிவுப் பிரச்சினை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். இதையெல்லாம் பார்க்காமல் இந்த வட்டாரத்தில் யாரும் விலை போடுவதில்லை.

ஒரு வேண்டுகோள். "சீக்கிரம் முடிங்க சார்" என்று கேளுங்கள், தப்பில்லை. "கொஞ்சம் கூட்டிப் போடுங்க சார்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்றால், முப்பது லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. 30 லட்சம் விலை பேசிய வீட்டுக்கு மதிப்பு 27 லட்சம் என்று வந்தால், கடன் 24.30 லட்சத்துக்கு மேல் போகாது. மீதி 5.70 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி. இந்த அளவு விலையுள்ள வீட்டில் அதை வங்கி மதிப்பில் சேர்க்காது. மதிப்பு குறைகிறதே என்று அப்போது மனம் வருந்தும். ஆனால் 27 லட்சம் பெறும் வீட்டுக்கு 30 லட்சம் கொடுக்கப் போகிறோம் என்று நமக்கு முன்கூட்டியே சொல்வதும் அந்த அறிக்கைதான். விற்பவரிடம் விலையைக் குறைத்துப் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. கூட்டி எழுதி வாங்கினால், இருபது வருஷம் வட்டி கட்டுவது நீங்கள்தான்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் வீட்டில் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய முதல் ஆள் நீங்களாக இருப்பீர்கள். இந்த விடுமுறையில் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்துவருகிறதா, அளவு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அக்காவின் கல்யாணத்துக்கோ உங்கள் மேற்படிப்புக்கோ அந்த வீட்டின் மேல் அவசரமாகக் கடன் கேட்க வேண்டிய நாள் வந்தால், அன்றைக்கு உங்கள் அப்பா அலைய வேண்டியிருக்காது.