பாலத்தின் பனியும் நிலத்தின் வெப்பமும்

புவிவெப்பத்தைக் கொண்டு பாலத் தளங்களில் பனி உறையாமல் காப்பது பற்றி ஆராயும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

குளிர்நாட்டுச் சாலையில் முதலில் உறைவது பாலம்தான். சாலைக்கு அடியிலுள்ள மண், கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெல்லத் திருப்பித் தருகிறது. பாலத்துக்கோ மேலும் கீழும் காற்று. உப்பைத் தூவினால் பனி உருகும். ஆனால் அதிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பிகளை அரிக்கும். இந்த இக்கட்டுக்கு விடை தேடியே நம் துறை வளர்ந்தது.

எத்தனை டிகிரி வெப்பம் கிடைக்கும் என்றே நாம் பெரும்பாலும் கேட்டு வந்திருக்கிறோம். எப்போது கிடைக்கும், எவ்வளவு காலம் கிடைக்கும் என்பவையே அதைவிடக் கடினமான கேள்விகள் என்பது என் துணிபு. மூன்று கால அளவுகளில் இதை விளக்குகிறேன்.

முதலாவது, ஓராண்டு. சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரையில், டேர்லிகன் என்ற ஊரருகே 1994-இல் 'செர்சோ' திட்டம் செயலுக்கு வந்தது. நெடுஞ்சாலைப் பாலத்தின் ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர் தளத்துக்குள் குழாய்கள் ஓடுகின்றன. கோடை வெயிலில் காயும் தளத்தின் வெப்பத்தை அவற்றில் ஓடும் திரவம் எடுத்துச்சென்று, 65 மீட்டர் ஆழமுள்ள 91 துளைகள் வழியே பாறையில் சேமிக்கிறது. குளிர்காலத்தில் அதே வெப்பம் மேலே வருகிறது. வெந்நீர் ஊற்று இல்லாத ஊரிலும் இது இயலும் என்பதே இதன் சிறப்பு.

இரண்டாவது, சில மணி நேரம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். சதுர மீட்டருக்குப் பத்து கிலோ பனி பெய்து, அதை ஒரு மணி நேரத்தில் உருக்க நினைத்தால், உருக்குவதற்கு மட்டுமே சுமார் 930 வாட் தேவை. அதையே பத்து மணி நேரத்துக்குப் பரப்பினால் 93 வாட் போதும். காற்றுக்குப் போகும் இழப்பு வேறு. பாறைச் சேமிப்பின் வெப்பம் மிதமானது. கான்கிரீட்டோ மெதுவாகச் சூடேறுவது. ஆகவே பனி விழுந்தபின் பம்பை இயக்குவதில் பயன் குறைவு. வானிலை முன்னறிவிப்பும் தளத்தில் பதித்த உணரிகளும் சேர்ந்து, முன்கூட்டியே இயக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அரை நூற்றாண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கிளமத் ஃபால்ஸ் நகரம் இயற்கை வெந்நீருக்குப் பெயர்பெற்றது. அங்கே 1948-இல் சாலையடியில் பதித்த இரும்புக் குழாய்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உழைத்து, துருவேறிக் கசிந்தன. 1998-இல் தொடங்கிய சீரமைப்பில் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் குழாய்கள் வந்தன. வெப்பம் வற்றவில்லை; குழாய்தான் தோற்றது. தளத்தை உடைக்காமல் குழாயை மாற்ற முடியாது என்பதால், குழாயின் ஆயுளைத் தளத்தின் ஆயுளோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அமைக்கும் செலவு அதிகம் என்பது இத்துறைமீதுள்ள பழைய குற்றச்சாட்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிடும்போது உப்பின் விலையை மட்டும் எதிர்த்தட்டில் வைப்பது நியாயமாகாது. அரித்த தளத்தைப் பழுதுபார்ப்பதும், அதற்காகப் போக்குவரத்தை நிறுத்துவதும், வழுக்கி நேரும் விபத்துகளும் அந்தத் தட்டில் ஏற வேண்டும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: எட்டிய வெப்பநிலையோடு, பம்பு எப்போது ஓடத் தொடங்கியது, தளம் எத்தனை மணி நேரத்தில் சூடேறியது, பாறையில் இட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பவற்றையும் அவைமுன் வையுங்கள். அவை இருந்தால்தான் அடுத்த பாலத்தைக் கட்டுபவர் நம்மை நம்பி முடிவெடுக்க முடியும். இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.