பத்து வெள்ளித் தோழமை

(சுங்கை காடுட் தோட்ட மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



ஒற்றுமையைப் பற்றி நம்மிடம் பாட்டுக்கும் கதைக்கும் பஞ்சமில்லை. திருவிழா மேடையில் கைதட்டிவிட்டு லயத்துக்குப் போய்விடுகிறோம். நம் தாத்தா பாட்டிகளோ தோழமையைக் காசாகவே எண்ணி வைத்தார்கள்.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு வீடும் போனது. அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டியவருக்கு அது சின்னக் காசா? பல நாள் கூலி! ஆனாலும் கட்டினார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

இன்று வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம். ஒரு குடும்பம் இரகசியமாகப் பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டால், மற்றவர்களின் வழக்கு ஆட்டம் காண்கிறது. வழக்கறிஞனாகக் கண்ணால் பார்த்தது இது. (அந்தக் குடும்பத்தையும் நான் திட்டமாட்டேன், பசி அப்படி.)

யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் முதலில் கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு எல்லாம் எடுத்து வையுங்கள். கையெழுத்து அப்புறம்.