கரடி உலவும் ஏரிப்பாதை

கனடாவின் றொக்கி மலைத்தொடரில், பான்ஃப் தேசியப் பூங்காவினுள் மொறெயின் ஏரி இருக்கின்றது. அதனைச் சூழ்ந்த மலைப்பாதைகளிலே கிறிஸ்லி கரடிகள் உலவுகின்றன. கோடையில் செந்நிறக் காட்டுப்பழங்களைத் தின்பதில் தம்மை மறந்திருக்கும் அவற்றை ஓசையின்றி அணுகுவதே பேராபத்து. ஆதலால், அங்குள்ள சில பாதைகளில், குறித்த காலங்களில், நால்வருக்குக் குறையாத குழுவாக நெருங்கியே நடத்தல் வேண்டுமென அதிகாரிகள் ஆணையிடுவர். பையிலே கட்டும் சிறுமணியின் ஓசை போதாது. உரக்கப் பேசவேண்டும், கைதட்டவேண்டும். நம்மவர்க்கு இஃது அரிதன்று!

மிளகாய்க் காரம் அடைத்த தெளிப்பானை மூட்டைக்குள் வையாது இடுப்பிலே செருகிக்கொள்க. கரடி எதிர்ப்பட்டால் ஓடலாகாது. மிகுந்த வேகம் அதற்குண்டு. தாழ்ந்த குரலிற் பேசியவாறு மெல்லப் பின்வாங்குக. பாய்ந்துவந்தால், அண்மித்ததும் முகத்தை நோக்கித் தெளிக்க. காற்று எதிரே வீசினால் அக்காரம் நம் கண்களையும் எரிக்கும்.