உண்ணிக் காய்ச்சல்: செல்லுக்குள் ஒளியும் கிருமி

(நமது குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வந்துவிட்டால் கடலூரானாலும் சிதம்பரமானாலும், காய்ச்சல் என்றதும் நமக்கு டெங்குதான் நினைவுக்கு வருகிறது. கொசு மருந்து அடிக்கச் சொல்கிறோம், நல்லதுதான். ஆனால் மழையையும் பனியையும் ஒட்டித் தமிழ்நாட்டில் வரும் இன்னொரு காய்ச்சலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல்.

நாயின் மேல் நாம் பார்க்கும் உண்ணியால் இது வருவதில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம்தான் கடிக்கிறது. வழக்கமாக அது எலிகளின் மேல் ஒட்டும். நாம் அந்தப் பக்கம் போனால் நம்மையும் கடிக்கும். கடி வலிக்காது. ஆனால் அதன் வழியாக 'ஓரியன்சியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியா உடம்புக்குள் போய்விடும்.

பல பாக்டீரியாக்கள் செல்லுக்கு வெளியிலேயே பெருகும். இது செல்லுக்கு உள்ளே போனால்தான் பெருக முடியும். தன் மேலுள்ள புரதத்தால், ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்லைப் பற்றிக்கொள்ளும். செல் அதை ஒரு சிறு பைக்குள் வைத்து உள்ளே இழுக்கும். அந்தப் பையிலேயே கிருமியைச் செரித்து அழிப்பது செல்லின் வழக்கம். இதுவோ அதற்குள் பையை விட்டுத் தப்பி, உட்கருவின் அருகே போய்ப் பெருகும். பிறகு நம் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியேறி, அடுத்த செல்லைத் தேடும்.

இதைத் தெரிந்து நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு பயன் உண்டு. ரத்தக் குழாய் இல்லாத உறுப்பு அரிது. அதனால் தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இதற்குக் கேட்காது. செல்லுக்குள் புகுந்து வேலை செய்யும் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின்தான் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. எதைக் கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காததால் பலர் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் அது வருவதும் இல்லை. எனவே புதர்ப் பக்கம் போயிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டாம்.

தடுப்பூசி இல்லாததால் சுத்தம்தான் காப்பு. நம் பின்புறக் காலி மனையில் மண்டியிருக்கும் புதரை ஐப்பசி மழைக்கு முன் வெட்டிவிடுவோம். எலி சேரும் அளவுக்குக் குப்பை தேங்கவிட வேண்டாம். அங்கே பந்து பொறுக்கப் போகும் பிள்ளைகள் வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றட்டும்.