குப்பையின் விலை யாருக்கு?

குப்பையை அகற்றுவது வேறு. இடம் மாற்றுவது வேறு. திருவனந்தபுரம் மாநகராட்சி 2000ஆம் ஆண்டு முதல் தன் குப்பையை அண்மையிலுள்ள விளப்பில்சாலையின் உரத் தொழிற்கூடத்திற்கு அனுப்பிவந்தது. நகரம் பயனடைந்தது, சிற்றூர் மாசினைச் சுமந்தது. பொருளாதாரத்தில் இதனைப் புறச்செலவு என்பர். மக்கள் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் அக்கூடம் மூடப்பட்டது.

அதன்பின், மக்கும் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் முறை பரவியது. பிளாஸ்டிக் முதலிய மக்காத கழிவுகளைச் சிறு கட்டணம் பெற்று ஹரித கர்ம சேனை மகளிர் சேகரிக்கலாயினர்.

எனினும் எல்லாக் குப்பையும் அவர்கள் கைக்குச் சேரவில்லை. குப்பை அடைத்த ஆமயிழஞ்சான் கால்வாயைத் துப்புரவு செய்ய 2024 ஜூலையில் இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

வீட்டார் தரம் பிரிக்கத் தவறினால், அதன் விலையைப் பிறர் செலுத்த நேரிடும். மாநகராட்சியின் பணி வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது.